ஆட்டுப் பட்டியும் ஒரு தொழிற்சாலையே!

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



ஆண்டு மலருக்கு "டெக்னிக்கலா ஒரு கட்டுரை குடுடா" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். சி.என்.சி. இயந்திரம் பற்றியோ ரோபோ பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எழுதப் போவது செம்மறி ஆட்டின் வயிற்றில் குடியிருக்கும் ஒரு புழுவைப் பற்றி! சிரிக்க வேண்டாம். ஆட்டை விற்று செமஸ்டர் கட்டணம் கட்டியவர்கள் எல்லாம் எழுந்து நில்லுங்கள் என்றால், நம் விடுதி மெஸ்ஸில் பாதிப் பெஞ்சு காலியாகிவிடும். அந்தப் பாதியில் நானும் ஒருவன்.

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. நாங்கள் வளர்ப்பது வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதால் பொட்டு ஆடு என்றும் சொல்வோம். இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதம், எங்கள் அய்யா கடன் வாங்கி, சந்தையில் எட்டுப் பெட்டை ஆடு பிடித்து வந்தார். பல் பார்த்து, மடி பார்த்து வாங்கிய நல்ல ஆடுகள். அன்று பொழுது சாயும்போதே எங்களுடைய 54 ஆடுகளோடு சேர்த்து ஒரே பட்டியில் அடைத்தோம். பந்தியில் புது விருந்தாளியைத் தனியாக உட்கார வைப்பார்களா என்ன?

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை பிறந்ததும் ஒவ்வொரு ஆடாகத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கித் தொங்க ஆரம்பித்தது. மேய்ச்சலுக்குப் போகிற வழியில் பின்தங்கி நிற்கும். அதட்டினால் படுத்துக் கொள்ளும். கழிச்சல் இல்லை, இருமல் இல்லை. "பூச்சியாத்தான் இருக்கும்" என்று அய்யா மருந்து வாங்கி ஊற்றினார். பத்து நாள் கழித்து மறுபடியும் ஊற்றினார். மார்கழி முடிவதற்குள் 11 ஆடு செத்துப் போயிற்று. அதில் சந்தையில் வாங்கியவை இரண்டுதான். மற்ற ஒன்பதும் எங்கள் பட்டியில் பிறந்து, கொடாப்புக்குள் கிடந்து வளர்ந்தவை. அந்த செமஸ்டர் என் கட்டணம், சினையாக இருந்த ஓர் ஆட்டை விற்றுக் கட்டியது. அம்மா அந்த ஆட்டை ஓட்டிவிடும்போது வெளியே வரவில்லை.

கடைசியாகச் செத்த ஆட்டைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். டாக்டர் அறுத்து, நான்காவது வயிற்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஆயிரக்கணக்கில் சிவப்பு நூல்கள் நெளிந்தன. "தம்பி, இதுக்குப் பேர் ஹீமாங்கஸ். இது உங்க பட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒரு புழுவின் கணக்கு

முழுப் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளைக் கருப்பையும் ஒன்றையொன்று சுற்றிக் கொண்டிருப்பதால், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு போலத் தெரியும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிக்கும் ரத்தம் சுமார் 0.05 மி.லி. 'பூ, இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஓர் ஆட்டில் 2000 புழு இருந்தால் தினமும் 100 மி.லி. 28 கிலோ பெட்டை ஆட்டின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே இரண்டு லிட்டருக்கும் குறைவு. இந்த ஒழுக்கு உள்ள டேங்க் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ரத்தத்தில் புரதம் குறைந்ததும் நீர் தாடைக்குக் கீழே இறங்கிக் கொள்கிறது. நாங்கள் பார்த்த பை அதுதான்.

ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டை புழுக்கையோடு வெளியே விழும். வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது தொற்றும் பருவத்துக் குஞ்சுப் புழுவாகிப் புல்லில் ஏறி உட்கார்ந்துவிடும். ரொம்ப உயரம் ஏறாது. பெரும்பாலானவை தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான் இருக்கும். ஆடு அந்தப் புல்லைக் கடித்தால் மூன்று வாரத்தில் வயிற்றுக்குள் புதுப் புழு முட்டையிடத் தொடங்கிவிடும். ஆக, ஆவணியில் வந்த புழு கார்த்திகைக்குள் எத்தனை தலைமுறை கண்டிருக்கும் பாருங்கள். மழை அதற்குப் பந்தல் போட்டுக் கொடுத்தது.

இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் எங்கே?

தொழிற்சாலைக்கு ஒரு லாரி இரும்புக் கம்பி வந்தால் நேரே லேத்துக்குக் கொண்டு போவோமா? ஸ்டோரில் தனியே வைத்து, அளவு பார்த்து, சோதித்து, 'ஓ.கே.' சீட்டு ஒட்டிய பிறகுதான் உள்ளே விடுவோம். தரக்கட்டுப்பாட்டுப் பாடத்தில் இதைப் பத்து மார்க் கேள்வியாகப் படித்து எழுதியவன்தான் நானும். ஆனால் எட்டு ஆடு படலைத் தாண்டி உள்ளே வந்தபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

பண்ணைக்கு வெளியிலிருந்து நோயை உள்ளே வரவிடாமல் தடுப்பதை 'பயோசெக்யூரிட்டி', அதாவது உயிர்ப் பாதுகாப்பு, என்கிறார்கள். பெரிய பேர். எங்கள் பாஷையில் படலைச் சாத்துவது, அவ்வளவுதான்.

டாக்டர் சொன்ன முறை இது. புதிதாக வரும் ஆட்டைக் குறைந்தது 30 நாள் தனிப் படலில் அடைக்க வேண்டும். அங்கே மேய்ச்சல் கூடாது; கிளை ஒடித்துப் போட வேண்டும், தண்ணீர்ச் சட்டி தனி. வந்த உடனே, வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்த இரண்டு குடற்புழு மருந்துகளை டாக்டர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குத் தப்பியது மற்றதில் சாகும். 14 நாள் கழித்துப் புழுக்கையைக் கொண்டு போய் முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் உண்ணி, பேன், சொறி எல்லாம் கண்ணில் பட்டுவிடும். ஆட்டுக்கொல்லி, அம்மை மாதிரி வேறு நோய் இருந்தாலும் அந்த முப்பது நாளில் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். தனிப் படலில் விழுந்த புழுக்கையை மேய்ச்சல் பக்கம் கொட்டாமல், எருக்குழியில் குவித்து மூடி மக்க வைக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கதி எனக்கு முதலில் புரியவே இல்லை. மருந்து கொடுத்துத் தேறிய புது ஆட்டை, ஆடே மேயாத சுத்தமான நிலத்தில் விடாதே, நம் ஆடுகள் ஏற்கெனவே மேய்ந்த இடத்தில் விடு என்கிறார் டாக்டர். காரணம் என்ன தெரியுமா? மருந்துக்கும் தப்பிய சில புழுக்கள் அதன் வயிற்றில் இருக்கலாம். சுத்தமான நிலத்தில் அவைதான் ராஜா. அவற்றின் வாரிசு மட்டுமே பெருகும். நம் பழைய மேய்ச்சலில் மருந்துக்குச் சாகிற சாதுப் புழுக்கள் நிறைய இருப்பதால், இந்த முரட்டுப் புழுக்கள் கூட்டத்தில் கரைந்து போகும்.

படல் வழியாக வருவது சந்தை ஆடு மட்டுமல்ல. எங்கள் ஊரில் கிடாவை இரவல் கொடுப்பார்கள். ஒருவர் கிடா நாலு பட்டி சுற்றும். பெட்டைகளோடு பத்து நாள் இருந்துவிட்டு, உண்ணி, பேன், புழு எல்லாவற்றையும் சீராகக் கொடுத்துவிட்டுத் திரும்பும். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவோ யார் பட்டியிலும் படுக்கும். அதைக் கேட்க ஆளே கிடையாது! புத்தகங்களில் பண்ணை வாசலில் சுண்ணாம்புத் தொட்டி வை, செருப்பை நனைத்து வா என்று எழுதியிருக்கும். கோமாரி போன்ற நோய்க்கு அது சரி. வயிற்றுப் புழு விஷயத்தில் நான் செருப்பைவிட இரவல் கிடாவுக்குத்தான் பயப்படுவேன்.

மூடிக் கணக்கு

எல்லாப் பழியையும் அந்த எட்டு ஆட்டின் மேல் போடலாம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் விடவில்லை. "மருந்து எவ்வளவு ஊத்துனீங்க?" என்றார். "ஆட்டுக்கு ஒரு மூடி சார்" என்றார் அய்யா. வருஷக்கணக்காக அந்த மூடிதான்.

நான் அந்த மூடியைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு கல்லூரிக்கு வந்து, ஆய்வகத்து அளவு ஜாடியில் அளந்து பார்த்தேன். 3 மி.லி.! எங்கள் மருந்து அல்பென்டசோல், 2.5 சதவீதம். அதாவது ஒரு மி.லி.யில் 25 மி.கி. வயிற்று உருண்டைப்புழுவுக்கு டாக்டர் சொன்ன அளவு கிலோவுக்கு 5 மி.கி. 28 கிலோ ஆட்டுக்கு 140 மி.கி. வேண்டும், 25-ஆல் வகுத்தால் 5.6 மி.லி. நாங்கள் ஊற்றியதோ ஏறக்குறைய பாதி. அரை டோஸில் பலவீனமான புழு சாகும், பலமானது பிழைக்கும். பிழைத்தது முட்டையிடும். இப்படி வருஷத்துக்கு நாலு தடவை நாங்களே முரட்டுப் புழுவைப் பொறுக்கியெடுத்து வளர்த்திருக்கிறோம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. தயாபென்டசோல் என்ற மருந்து 1961-ல் வந்தது. 1964-லேயே அதற்கு அசையாத ஹீமாங்கஸ் பற்றிச் செய்தி வந்துவிட்டது. ஐவர்மெக்டின் 1981-ல் சந்தைக்கு வந்தது. அதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேம்ப்பெல்லும் சதோஷி ஓமுராவும் 2015-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மருந்துக்கும் தப்பிய ஆட்டுப் புழுக்கள் 1980-களின் கடைசியிலேயே தென்னாப்பிரிக்காவில் பதிவாகிவிட்டன. மருந்து கண்டுபிடிக்க எத்தனையோ வருடம். அதைக் கெடுக்க மூன்று நான்கு வருடம் போதும்.

எங்கள் மந்தையில் நிலைமை என்ன என்று பார்க்க டாக்டர் ஒரு சோதனை செய்தார். பத்து ஆட்டின் புழுக்கையில் கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணினார், சராசரி 1200. ஒவ்வொரு ஆட்டையும் தொங்கு தராசில் எடை போட்டுச் சரியான அளவு அல்பென்டசோல் கொடுத்தோம். 14 நாள் கழித்து அதே ஆடுகளில் மறுபடி எண்ணினார், 540. குறைந்தது 55 சதவீதம். 95-க்குக் கீழே போனாலே சந்தேகம், நாங்கள் ஃபெயில்! முழு டோஸ் கொடுத்தும் ஃபெயில் என்பதுதான் வயிற்றெரிச்சல். அதன் பிறகு வேறு வகுப்பு மருந்தான லெவமிசோலுக்கு மாறினோம். அதிலும் கை கண்ட அளவு கூடாது. குறைந்தால் புழு பிழைக்கும். கூடினால் ஆட்டுக்கே நஞ்சு.

மருந்து ஊற்றும்போது ஆட்டின் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். வாயின் ஓரமாக விட்டு, நாக்கின் பின்பக்கம் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் நுரையீரலுக்குப் போய்விடும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பென்டசோல் கூடாது, குட்டி ஊனமாகும்.

கண்ணிமையே கேஜ்

இனி நான் சொல்லப் போவதில்தான் எனக்கும் அய்யாவுக்கும் இன்றுவரை சண்டை.

தென்னாப்பிரிக்காவின் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரால் 'ஃபமாச்சா' என்று ஒரு வண்ண அட்டை இருக்கிறது. ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்பக்கச் சவ்வின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1 என்றால் நல்ல சிவப்பு. 5 என்றால் வெளுத்துப்போன வெள்ளை. 1, 2 ஆடுகளுக்கு மருந்து வேண்டாம். 4, 5-க்குக் கட்டாயம் உண்டு. 3 நடுவில், குட்டி, சினை ஆடு, இளைத்த ஆடு என்றால் கொடுத்துவிடலாம். நம் ஒர்க்‌ஷாப்பில் கோ, நோ-கோ கேஜ் வைத்து ஷாஃப்ட்டைப் பிரிப்போமே, அதே வேலை! வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பட்டி நிழலில் பார்த்தால் எல்லாமே 3 ஆகத் தெரியும். ரத்தம் குடிக்கும் புழுவுக்குத்தான் இது பேசும். நாடாப்புழுவை இது காட்டாது.

"சோகையில்லாத ஆட்டுக்கு மருந்து ஊத்தாம விடுன்னா, அதுல இருக்கிற புழுவை யாருலே கொல்றது?" இது அய்யா. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புழுதான் நமக்கு வேண்டிய சாதுப் புழு. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால் பட்டியில் மிஞ்சுவது மருந்துக்குச் சாகாதது மட்டும். அதுவும் எங்கள் பக்கம் சித்திரை, வைகாசி வெயிலில் புல்லில் குஞ்சுப் புழு அநேகமாக இருக்காது. ஆட்டின் வயிற்றில் இருப்பதுதான் அடுத்த மழைக்கு விதை. அப்போது மந்தை முழுக்க ஊற்றினால் விதையைப் பொறுக்கி வைத்த மாதிரி ஆகும். "அப்போ புழுவைக் கொஞ்சம் வளக்கச் சொல்றியா?" என்றார் அய்யா. ஆமாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அதுதான் உண்மை. சண்டை சமாதானமாகாமலேயே, போன மழைக்காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் சனிக்கிழமை ஊருக்குப் போய் இமை பார்த்தேன். ஒரு தடவையும் 15 ஆட்டுக்கு மேல் மருந்து தேவைப்படவில்லை.

கண்மாய்க்குப் படல் கட்ட முடியுமா?

நண்பர்களே, புத்தகத்தில் உள்ள பண்ணைக்குக் கம்பி வேலி உண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் போட்ட மேய்ச்சல் நிலம் உண்டு. எங்கள் ஆடு மேய்வது கண்மாய்க் கரையிலும் தரிசிலும். ஊரில் உள்ள எல்லா மந்தையும் அங்கேதான். என் படலை நான் சாத்தினாலும் பக்கத்து வீட்டு மாமாவின் ஆடு போட்ட புழுக்கை என் ஆட்டுக்கு எமன். அப்படியானால் இதெல்லாம் வீண்தானா?

நானும் அப்படி நினைத்துச் சோர்ந்து போனேன். பிறகு தாத்தா காலத்துப் பழக்கங்களைக் கேட்டபோது கொஞ்சம் தெம்பு வந்தது. பனி காய்ந்த பிறகுதான் ஆட்டை அவிழ்ப்பார்களாம். ஈரப்புல்லில்தான் குஞ்சுப் புழு மேலே ஏறி நிற்கும்; வெயில் ஏற ஏறக் கீழே இறங்கிவிடும். மழைக்காலத்தில் உடை, வேம்பு, அகத்தி என்று கிளை ஒடித்துப் போடுவார்களாம். மரத்தின் மேல் புழு ஏறாது! கோடையில் கிடை மறிக்கும்போது படலை மாற்றி மாற்றி, உழுத காட்டில் போடுவார்கள். உரம் காட்டுக்குப் போகிறது. முட்டையோ கரிசல் வெயிலில் காய்ந்து கருகுகிறது. நாங்கள்தான் இப்போது பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று விடிந்ததும் விடியாததுமாக அவிழ்த்து விடுகிறோம்.

கண்மாயில் தண்ணீர் வற்றும்போது ஓரத்தில் முளைக்கும் பசும்புல் இன்னொரு பொறி. தண்ணீர் நத்தையிலிருந்து வெளிவரும் தட்டைப்புழுவின் குஞ்சுகள் அந்தப் புல்லில் ஒட்டிக் கொண்டிருக்கும். ஆடு தின்றால் ஈரலுக்குப் போகும். அதிலும் தாடை வீங்கும், இமை வெளுக்கும். அதனால்தான் தாடை வீங்கினாலே ஹீமாங்கஸ் என்று முடிவு கட்டாமல் புழுக்கையைக் காட்ட வேண்டும்; மருந்தும் வேறு, அளவும் வேறு.

காவல்காரனும் கவனிக்கப்பட வேண்டியவன்

எங்கள் பட்டிக்கு ஒரு நாய் உண்டு. ஆடு செத்தால் தலையை அதற்குப் போடுவது வழக்கம். சில வருடம் முன்பு ஒரு குட்டி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து செத்தது. 'காத்து சேட்டை' என்று மந்திரித்தோம். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை புல்லோடு ஆட்டுக்குள் போனால், மூளையில் நீர்க்கொப்புளமாக வளரும். அந்தத் தலையை நாய் தின்றால் மறுபடி நாயின் குடலில் புழு. சங்கிலி முழுமை! இன்னொரு வகை நாடாப்புழு ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். அதன் முட்டை நம் கைக்கும் வரும், நமக்கும் கட்டி வரும். இப்போது செத்த ஆட்டைத் தலையோடு ஆழக் குழியில் புதைக்கிறோம். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைக்கிறோம். நாய்க்கு மருந்தா என்று ஊரில் சிரித்தார்கள். இப்போது இரண்டு வீட்டில் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

இன்று எங்கள் பட்டியில் 49 ஆடு. கடன் இன்னும் தீரவில்லை. இந்த வருடம் கிடா மாற்ற வேண்டும். பட்டியிலேயே பிறந்த கிடாவை வைத்தால் ரத்தக் கலப்பு நெருங்கிவிடும் என்று அய்யா சொல்கிறார். ஆக, மறுபடியும் ஓர் ஆடு எங்கள் படலைத் தாண்டி உள்ளே வரத்தான் போகிறது. போன விடுமுறையில் நானும் தம்பியும் வேப்பமரத்தடியில் எட்டடிக்கு எட்டடியில் தனிப் படல் ஒன்று கட்டி முடித்துவிட்டோம். வெல்டிங் ஷாப்பில் கற்றது வீண் போகவில்லை. கதவுக்குக் கீல் நானே அடித்தேன். "ஒரு கிடாவுக்கு இம்புட்டு மாளிகையா?" என்றார் அய்யா. ஆனால் மறுநாள் காலை பார்த்தபோது உள்ளே ஒரு தண்ணீர்ச் சட்டி இருந்தது. அதை வைத்தது நானும் இல்லை, தம்பியும் இல்லை.

வீட்டில் ஆடு வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது உங்கள் மருந்து மூடியைக் கொண்டு வாருங்கள். ஆய்வகத்தில் சேர்ந்து அளந்து பார்ப்போம்.